கீழாநெல்லிச் சாற்றில் இருப்பது என்ன?

தமிழ்நாட்டின் வயல் வரப்புகளிலும் கிணற்றடிகளிலும் மழை பெய்த சில நாள்களில் தானாக முளைத்து, முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் வளர்ந்து, இலைவரிசையின் அடிப்புறத்தில் சிறு உருண்டைக் காய்களைத் தொங்கவிட்டு நிற்கும் கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்கு உரிய மூலிகையாகச் சித்த மருத்துவத்திலும் வீட்டு வைத்தியத்திலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் வைத்து மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பதும், உப்பையும் எண்ணெயையும் குறைத்துப் பத்தியம் வைப்பதும் பரவலான வழக்கம். இந்த வழக்கத்தை நம்புவோரும் மறுப்போரும் எதிரெதிரே நின்று பேசும்போது, இரு தரப்பினருமே பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: அந்த உருண்டைக்குள் எந்தெந்தப் பொருள்கள், எந்த அளவில் இருக்கின்றன? அதற்கு விடை கிடைக்காத வரையில், கீழாநெல்லி குணப்படுத்துகிறது என்ற கூற்றும் குணப்படுத்தவில்லை என்ற கூற்றும் உறுதியான பொருளைப் பெறுவதில்லை என்பதே இந்தச் சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து. மூலிகைகளின் வேதியியல் பகுப்பாய்வு பழைய மருத்துவத்துக்கு நற்சான்று வழங்கும் வேலையும் அன்று, அதைப் பொய்யாக்கும் வேலையும் அன்று. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் நிலைநாட்டும் வேலை அது.

அந்த வேலை ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை. செடி நிற்கும் இடத்திலேயே தொடங்குகிறது. இந்தியத் தாவர நூல்கள் பல தலைமுறைகளாகக் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற அறிவியல் பெயரைத் தந்து வந்தன. 1753இல் லின்னேயஸ் இட்ட அந்தப் பெயர், உண்மையில் அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய வேறோர் இனத்தையே குறிக்கிறது என்பதை, மேற்கிந்தியத் தீவுகளின் ஃபில்லாந்தஸ் இனங்களை விரிவாக ஆராய்ந்த கிரேடி வெப்ஸ்டர் 1950களில் தெளிவுபடுத்தினார். 1985இல் மித்ரா, ஜெயின் ஆகிய இரு இந்தியத் தாவரவியலாளர்கள், இந்திய நூல்களில் நிரூரி என்ற ஒரே பெயரின் கீழ் அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று வேறுபட்ட இனங்கள் கலந்து கிடப்பதை எடுத்துக்காட்டினர். தமிழ்நாட்டில் கீழாநெல்லி என்று பெரிதும் வழங்குவது இவற்றுள் அமாரஸ். அதன் பூவில் புல்லிகள் ஐந்து, ஃபிராட்டர்னஸ் இனத்தின் பூவில் ஆறு. உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒழிய இந்த வேறுபாடு புலப்படாது. இவற்றோடு மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி போன்ற உறவுச் செடிகளும் அதே வரப்பில், அதே பருவத்தில் வளர்கின்றன.

செடி பசுமையாக இருக்கும்போதே இவ்வளவு ஐயம் எழுமானால், காய்ந்து கட்டாகி நாட்டு மருந்துக் கடைக்கு வந்தபின் நிலைமை இன்னும் கடினமாகிறது; பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன, சிற்றிலைகள் பொடிந்துவிடுகின்றன, தண்டுகளே மிஞ்சுகின்றன. தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை மரபணு வரிசை முறையால் ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் அமாரஸ் இனமே மேலோங்கி இருந்ததையும், எஞ்சியவை அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு ஐந்து இனங்களாக இருந்ததையும் காட்டியது. இதை ஏமாற்று வணிகம் என்று உடனே தீர்ப்பளிப்பது நியாயமாகாது. செடி பறிக்கும் கூலித் தொழிலாளியின் கண்ணுக்கு இவை அனைத்தும் ஒன்றே. அவருக்கு வேறுபாட்டைச் சொல்லித்தர எவரும் முன்வரவில்லை என்பதுதான் உண்மைக் குறை. மருத்துவ நோக்கில் பார்த்தாலோ, நான்கில் ஒரு முறை வேறு செடியை உட்கொள்ளும் நோயாளியின் அனுபவத்தைக் கீழாநெல்லியின் கணக்கில் எழுத முடியாது.

மரபணு முறை இனத்தைச் சொல்லும். அந்த இனத்தின் இலையில் மருந்துப் பொருள் ஊறியிருக்கிறதா, உலர்த்தும்போது சிதைந்துவிட்டதா என்பதை அதனால் சொல்ல இயலாது. அதைச் சொல்ல வேண்டியது வேதியியல். கீழாநெல்லியைப் பொறுத்தவரை அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர், குளித்தலையில் 1900இல் பிறந்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் இயற்கைப் பொருள் வேதியியலுக்கு ஒரு பெரிய ஆய்வுமரபை உருவாக்கிய டி.ஆர். சேஷாத்ரி. அவரும் கிருஷ்ணமூர்த்தியும் 1946இல் இச்செடியின் கசப்புக்குக் காரணமான பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்து ஃபில்லாந்தின் என்று பெயரிட்டனர்; அதனுடன் கூடவே வந்த, கசப்பற்ற மற்றொரு பொருளுக்கு ஹைப்போஃபில்லாந்தின் என்ற பெயர் அமைந்தது. இன்றுள்ள மின்னணுக் கருவிகள் எவையும் இல்லாத காலத்தில், கரைப்பான்களையும் கண்ணாடிக் குடுவைகளையும் பொறுமையையும் மட்டுமே துணையாகக் கொண்டு நடந்த பணி அது. அப்பொருள்களின் மூலக்கூறு அமைப்பை 1960களில் அதே ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமச்சந்திர ராவின் குழு ஆராய்ந்து வகுத்தது. ஹைப்போஃபில்லாந்தினின் அமைப்பு பிற்காலத்தில் திருத்தமும் பெற்றது. பின்னாளில் உலக அரங்கில் பேசப்பட்ட ஒரு மூலிகையின் அடிப்படை வேதியியல் தென்னிந்திய ஆய்வுக்கூடங்களிலேயே எழுதப்பட்டது என்பது இத்துறை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஃபில்லாந்தின் லிக்னான் என்னும் வகையைச் சேர்ந்தது. தாவரங்கள் தம் உடலில் ஃபீனைல் வளையமும் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வாலும் சேர்ந்த சிறு அலகுகளை உண்டாக்குகின்றன. அத்தகைய இரண்டு அலகுகள் வாலின் நடுவே இணையும்போது லிக்னான் பிறக்கிறது. ஃபில்லாந்தினில் 24 கார்பன், 34 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஆறு ஆக்சிஜன் அணுக்களும் மெத்தாக்சி என்னும் தொகுதிகளாக மூடப்பட்டிருப்பதால், இம்மூலக்கூறு நீரில் எளிதில் கரைவதில்லை, ஹெக்சேன், மெத்தனால் போன்ற கரிமக் கரைப்பான்களில் நன்கு கரைகிறது. இந்த ஒரு பண்பு மருந்து தயாரிக்கும் முறையோடு நேரடியாகத் தொடர்புடையது. செடியை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்த குடிநீரில் ஃபில்லாந்தின் குறைவாகவே இறங்கும்; செடியை முழுதாக அரைத்து விழுங்கும்போது சக்கையோடு சேர்ந்து அது வயிற்றுக்குள் செல்லும். ஆகவே கீழாநெல்லிக் குடிநீரும் கீழாநெல்லி உருண்டையும் வேதியியல் நோக்கில் இரண்டு வெவ்வேறு மருந்துகள்.

செடியின் எந்த உறுப்பு எடுக்கப்படுகிறது என்பதும் இதே அளவுக்கு முதன்மையானது. 1993இல் வெளியான ஓர் அளவீட்டில், உலர்ந்த இலையின் எடையில் ஃபில்லாந்தின் சுமார் 0.7 விழுக்காடும், ஹைப்போஃபில்லாந்தின் சுமார் 0.3 விழுக்காடும் இருந்தன. தண்டில் இவை மிகக் குறைவு. இலை மிகுந்த சரக்கில் 200 மில்லிகிராம் பொடிக்கு 1.4 மில்லிகிராம் ஃபில்லாந்தின் கிடைக்கும் என்றால், இலை உதிர்ந்து தண்டே மிஞ்சிய சரக்கில் அதே எடையுள்ள பொடி அதன் சிறு பகுதியைக்கூடத் தராமல் போகலாம். இரண்டு பொட்டலங்களிலும் ஒரே பெயரும் ஒரே எடையும்தான் அச்சிடப்பட்டிருக்கும்.

இந்த அளவுகளைக் கண்டறியும் முறைகளுள் நடுவிடம் பெறுவது வண்ணப்பிரிகை. கலவையாக உள்ள பொருள்களை, அசையாத ஒரு பரப்பின் மீது நகரும் கரைப்பானைக் கொண்டு, அவை அப்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புக்கு ஏற்ப வேறு வேறு வேகத்தில் நகரச் செய்து பிரிக்கும் முறை இது. வெள்ளம் வடியும் ஆற்றில் கூழாங்கல் ஓரிடத்திலும் மணல் ஓரிடத்திலும் வண்டல் ஓரிடத்திலும் தங்குவதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் த்ஸ்வெட் பச்சிலையின் நிறமிகளைப் பிரிப்பதற்காகவே இம்முறையைக் கண்டார் என்பதால், வண்ணப்பிரிகை இலையிலிருந்தே பிறந்த கலை என்பதில் மிகையில்லை. கீழாநெல்லியை ஆராய்வோர் முதலில் கையாள்வது மென்படல வண்ணப்பிரிகை: சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் செடிச்சாற்றின் துளியையும், அதன் அருகே தூய ஃபில்லாந்தினின் துளியையும் வைத்து, தகட்டின் அடி விளிம்பைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும். நிறமற்ற லிக்னான்களை வெளிக்கொணர வனிலினும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைத் தெளித்துச் சூடாக்குகிறார்கள். சாற்றின் கோட்டில் தூய பொருளின் உயரத்திலேயே அதே நிறத்தில் ஒரு புள்ளி தோன்றினால் ஃபில்லாந்தின் இருக்கக்கூடும். தோன்றாவிட்டால், இனத்தையும் சரக்கையும் மறுபடி விசாரிக்க வேண்டும். உறவு இனங்களை அமாரஸோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அவற்றில் இந்த லிக்னான்கள் மிகக் குறைவாகவோ காணப்படாமலோ இருந்ததால், செலவு குறைந்த இந்தத் தகடே கலப்படத்தை இனங்காட்டும் முதற்சோதனையாகிறது.

அளவைத் துல்லியமாகச் சொல்வது உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை. நுண்துகள்கள் செறிந்த எஃகுக் குழலின் வழியே கரைப்பானை உயர் அழுத்தத்தில் செலுத்தி, குழலின் முடிவில் புற ஊதா ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்யும்போது, ஒவ்வொரு பொருளும் ஒரு முகடாக வரைபடத்தில் எழுகிறது. முகட்டின் பரப்பு பொருளின் அளவைக் குறிக்கும். ஆனால் தூய ஃபில்லாந்தினைத் தெரிந்த அளவுகளில் செலுத்தி ஒரு அளவுத்திருத்தக் கோட்டை முன்கூட்டியே வரைந்திருந்தால் மட்டுமே அந்தப் பரப்பை மில்லிகிராமாக மாற்ற முடியும். முகடு எழுந்த நேரம் ஒத்துப்போவதாலேயே அது ஃபில்லாந்தின் என்று முடிவுகட்டுவதும் தவறு. வேறொரு பொருள் அதே நேரத்தில் வெளிவரக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்ப்பது நிறை நிறமாலைமானி. மூலக்கூறுக்கு மின்னூட்டம் ஏற்றி அதன் நிறையை அளக்கும் இக்கருவியில், 418 நிறையுள்ள ஃபில்லாந்தின் ஒரு சோடியம் அயனியைப் பற்றிக்கொண்டு 441 என்ற எண்ணில் தோன்றும். அணுக்கள் எந்த ஒழுங்கில் பிணைந்துள்ளன என்பதை இறுதியாக உறுதிசெய்வது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை; புதிய பொருளைக் கண்டதாகக் கூறும் எவரும் இந்தப் படியைத் தாண்டாமல் அதை நிலைநாட்ட முடியாது.

இதுவரை சொன்னது லிக்னான்களின் கதை மட்டுமே. கீழாநெல்லியின் நீரில் கரையும் பகுதியில் முற்றிலும் வேறொரு குடும்பம் இருக்கிறது: டானின்கள். இவை துவர்ப்புச் சுவைக்குக் காரணமான, புரதங்களோடு பிணையும் இயல்புடைய பெரிய மூலக்கூறுகள். இவற்றுள் முதன்மையான ஜெரானீன் 952 என்ற நிறையுடையது, ஃபில்லாந்தினைப் போல இரு மடங்குக்கும் மேல் கனமானது. இந்த ஜெரானீனை நீரில் கொதிக்கவைத்தால், அது உடைந்து கோரிலாஜின், எல்லாஜிக் அமிலம், காலிக் அமிலம் ஆகியவையாக மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் செடியைப் பல மணி நேரம் சூட்டில் வைத்துச் சாறு இறக்கிய ஒருவர், தம் வரைபடத்தில் கோரிலாஜின் முகட்டைக் கண்டு, அது செடியில் அதே அளவில் இருந்தது என்று எழுதினால், தாமே உண்டாக்கிய பொருளைச் செடியின் கணக்கில் சேர்த்தவராகிறார். மருத்துவர் பச்சையாக அரைக்கச் சொன்னாரா, காய்ச்சச் சொன்னாரா என்ற கேள்வி இங்கே முழுமையான வேதியியல் பொருளைப் பெறுகிறது. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவ நூல் ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்வதைக் கவனித்து, சூடு அதன் வீரியத்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, 1971இல் தாழ்ந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாறு இறக்கியதன் பயனாகவே ஆர்ட்டிமிசினின் உலகுக்குக் கிடைத்தது. பழைய நூலின் செய்முறைக் குறிப்பை அலங்காரமாகக் கருதாமல் ஒரு வேதியியல் தகவலாகப் படித்த அந்த அணுகுமுறை, சித்த மருத்துவச் செய்முறைகளுக்கும் கிடைக்க வேண்டும். அரைப்பு, ஊறல், காய்ச்சல், பால் சேர்ப்பு, மோர் சேர்ப்பு ஒவ்வொன்றும் சாற்றின் கூறுகளை எப்படி மாற்றுகிறது என்று தனித்தனியே அளந்து பார்க்கும் பணி இன்னும் பெருமளவில் எஞ்சியுள்ளது.

கீழாநெல்லி உலகக் கவனத்துக்கு வந்த வரலாறு இந்த விவரங்களின் எடையை உணர்த்துகிறது. மஞ்சள் காமாலை என்பது தனி நோய் அன்று, கல்லீரலும் பித்தநாளமும் பாதிக்கப்படும் பல நோய்களின் அறிகுறி. அவற்றுள் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும் என்பதால், அக்காலத்தில் எந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்தாலும் பெருமை அந்த மருந்துக்கே போய்ச் சேரும். ஹெப்படைட்டிஸ் பி அப்படிப்பட்டதன்று. நாள்பட்டு நிலைத்துவிட்டால் அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் என்னும் புரதம் குருதியிலிருந்து தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவிலேயே நிகழ்கிறது. அந்த ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க், வெங்கடேஸ்வரன் முதலியோருடன் சேர்ந்து, இந்தப் பேரினச் செடியின் சாறு மனித வைரஸையொத்த ஒரு வைரஸைத் தாங்கிய அமெரிக்க மர்மோட்டுகளில் விளைவு காட்டுவதாக 1987இல் அறிவித்தார். மறு ஆண்டே சென்னையில் தியாகராஜன் தலைமையிலான குழு, புளும்பெர்க்கும் இணைந்து, தி லான்செட் இதழில் ஒரு தொடக்கநிலை ஆய்வை வெளியிட்டது. அமாரஸ் செடியின் பொடியை 30 நாள்கள் உட்கொண்டவர்களில் மதிப்பிடப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 விழுக்காட்டினருக்கு, மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்றுப்பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற இயல்பு நிலையோடு ஒப்பிட்டால், இந்த முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்கார வைத்ததில் வியப்பில்லை.

அதன் பின் வந்தவை ஏமாற்றங்கள். தாய்லாந்தில் நடந்து 1990இல் வெளியான ஆய்வு, அமாரஸ் ஆன்டிஜெனை நீக்கவில்லை என்றது; நியூசிலாந்தின் 1994ஆம் ஆண்டு ஆய்வும் அதையே கூறியது. 1995இல் வெளியான சீன ஆய்வொன்று, மூன்று இடங்களில் பறித்த அமாரஸ், நிரூரி, யூரினேரியா என்னும் மூன்று இனங்களை ஒப்பிட்டு, மேற்பரப்பு ஆன்டிஜென் எவருக்கும் மறையவில்லை என்றும், வைரஸின் மற்றோர் ஆன்டிஜென் மறைவதில் யூரினேரியா கொடுக்கப்பட்டவர்கள் மேம்பட்டிருந்தனர் என்றும் பதிவுசெய்தது. 2011இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, வெற்று மருந்தைவிட ஃபில்லாந்தஸ் சிறந்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

இந்த முரண்பாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். சென்னை ஆய்வு சிறியது, தொடக்கநிலையது, அதன் முடிவு தற்செயலாகவோ முறைக் குறையாலோ மிகைப்பட்டிருக்கலாம் என்பது ஒன்று. சென்னையில் கொடுக்கப்பட்ட பொடியும் வேறு நாடுகளில் கொடுக்கப்பட்ட பொடியும் வேதியியல் கூறுகளில் ஒன்றல்ல என்பது மற்றொன்று. இன்றுள்ள சான்றுகளின் எடை முதல் விளக்கத்தின் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் இரண்டாவது விளக்கத்தைத் திட்டவட்டமாகத் தள்ளிவிட முடியாமல் போனதற்குக் காரணம், அந்த விவாதம் முழுவதிலும் செடியின் பெயரும் பொடியின் எடையுமே பொது அளவுகளாக நின்றன என்பதுதான். ஒரே தகட்டில் அந்தப் பொடிகளின் சாறுகளை அருகருகே ஓட்டிப் பார்த்த ஒரு படம் இருந்திருந்தால், பல ஆண்டுக்கால வாதத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. நோயாளிகள் முன்வந்து உடலைத் தந்து பங்கேற்ற ஆய்வுகளில் அந்த எளிய படம் இல்லாமல் போனது உண்மையான இழப்பு.

படம் இருந்தாலும் அதில் எந்த முகட்டைப் பார்ப்பது என்ற கேள்வி எழும். ஃபில்லாந்தின் இன்று கீழாநெல்லியின் அடையாளப் பொருளாக, அதாவது சரக்கின் தரத்தை அளக்கும் குறியாக, பரவலாகக் கொள்ளப்படுகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு முதலிய நஞ்சுகளிலிருந்து எலியின் கல்லீரல் செல்களை ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் காப்பதை 1985இல் வெளியான ஆய்வு காட்டியது. செல்லை நஞ்சிலிருந்து காப்பதும் வைரஸை அடக்குவதும் ஒன்றல்ல. வைரஸ்களின் நொதிகளை ஆய்வுக்கூடத்தில் தடுத்தவற்றுள் பெரும்பாலும் பேசப்படுபவை ஜெரானீன் போன்ற டானின்கள்; அவையோ ஃபில்லாந்தினை அளக்கும் முறையில் கணக்கிலேயே வருவதில்லை. அடையாளப் பொருளும் செயல்படும் பொருளும் ஒன்று என்று கருதிக்கொள்வதே மூலிகைத் தரக்கட்டுப்பாட்டில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. ஃபில்லாந்தின் நிறைந்த சரக்கு அடையாளத்தில் தேறியது என்றே பொருள். ஆற்றலில் தேறியது என்று பொருளாகாது.

சர்ப்பகந்தியின் வரலாறு இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. அதன் வேரிலிருந்து 1931இல் சலீமுஸ்ஸமான் சித்திகி அஜ்மலின் முதலிய ஆல்கலாய்டுகளை, அதாவது நைட்ரஜன் கொண்ட காரத்தன்மையுள்ள தாவரப் பொருள்களைப் பிரித்தார். உயர் குருதியழுத்தத்தில் அவ்வேரின் பயனை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளிகளிடம் பதிவுசெய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் ரிசர்பின் என்னும் ஒற்றைப் பொருளைப் படிகமாக்கினர், வேரின் செயல் பெருமளவுக்கு அந்த ஒரு மூலக்கூறில் அடங்கியது. கீழாநெல்லி அப்படி ஒரு மூலக்கூறுக்குள் அடங்கும் என்பதற்கு அறிகுறி இதுவரை இல்லை. இத்தகைய செடிகளுக்கு உரியது செயல்திறன் வழிகாட்டும் பிரிப்பு: சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உயிரியல் சோதனைக்கு உட்படுத்தி, செயல் காட்டும் பகுதியை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே செல்வது. ஒவ்வொரு படியிலும் செயல் கூடுகிறதா, சிதறிப் போகிறதா என்பது கவனிக்கப்படும். சிதறிப் போனால், பல பொருள்கள் கூடிச் செயல்பட்டிருக்கலாம் அல்லது நுட்பமான பொருள் ஒன்று வழியில் சிதைந்திருக்கலாம்.

டானின்களைப் பொறுத்தவரை இன்னும் ஒரு எச்சரிக்கை தேவை. புரதம் எதுவாயினும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை ஆதலால், சோதனைக் குழாயில் எந்த நொதியைக் கொடுத்தாலும் அதைத் தடுப்பதுபோல் அவை தோற்றமளிக்கக்கூடும். மேலும் வாய்வழி உட்கொண்ட ஜெரானீன் முழு மூலக்கூறாகக் குருதியை அடைவது அரிது. குடலில் அது எல்லாஜிக் அமிலமாகவும், அங்குள்ள பாக்டீரியாக்களால் யூரோலித்தின் என்னும் சிறு மூலக்கூறுகளாகவும் மாற்றப்படுகிறது. ஆளுக்கு ஆள் குடல் பாக்டீரியாக்கள் வேறுபடுவதால் இந்த மாற்றமும் வேறுபடுகிறது. கல்லீரலைச் சென்றடைவது எது என்று அறிய வேண்டுமானால், செடிச்சாற்றை மட்டுமன்றி, அதை உட்கொண்டவரின் குருதியையும் சிறுநீரையும் அதே கருவிகளில் பகுத்தாக வேண்டும்.

இந்தப் பின்னணியில், இந்தியக் கல்லூரிகளிலிருந்து பெருந்தொகையாக வெளிவரும் ஒரு வகை ஆய்வுக் கட்டுரையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். செடிச்சாற்றை வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவியில் செலுத்தி, கணினியில் உள்ள நூலகம் பொருத்திக் காட்டிய பெயர்களை அப்படியே அட்டவணையாக்கி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் புற்றுநோய் எதிர்ப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பு என்று வேறு நூல்களிலிருந்து எடுத்தெழுதி முடிப்பது அந்த வகை. அக்கருவி ஆவியாகக்கூடிய பொருள்களை மட்டுமே காணும்; 952 நிறையுள்ள ஜெரானீன் ஆவியாவதற்கு முன் கருகிவிடும். எனவே கொழுப்பு அமிலங்களும் மெழுகுகளும் நிறைந்த, ஏறத்தாழ எந்தப் பச்சிலைக்கும் பொருந்தும் ஒரு பட்டியல் கிடைக்கிறது. நூலகப் பொருத்தம் என்பது ஒரு கருதுகோள் மட்டுமே, தூய மாதிரியோடு ஒப்பிடும்வரை அது அடையாளம் ஆகாது. சோதனைக் குழாயில் ஒரு நிறக் கரைசலின் நிறத்தை நீக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனையின் நிலையும் இதுவே. தேயிலை, புளி, மாதுளைத் தோல் என்று துவர்ப்புள்ள எதுவும் அதில் தேறும். உழைப்பும் ஆர்வமும் உள்ள மாணவர்கள் தம் ஆண்டுகளை இவற்றில் செலவிடும்படி விடுவது அவர்களுக்கும் மூலிகைகளுக்கும் நியாயம் செய்வதாகாது. அதே மாணவர் ஒரு மாவட்டத்துக் கடைகளின் கீழாநெல்லிச் சரக்கை மென்படலத் தகட்டில் ஓட்டி ஃபில்லாந்தினை அளந்தால், சிறியதாயினும் எவரும் பயன்படுத்தக்கூடிய ஓர் உண்மை கிடைக்கும். சாலையோரங்களிலும் கழிவுநீர் ஓரங்களிலும் பறிக்கப்படும் செடியில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அளப்பதும் அதே அளவுக்குப் பயனுள்ளது. உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதல் மூலிகைச் சரக்கில் ஈயத்துக்கு கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.3 மில்லிகிராம் என்று எல்லை வகுத்துள்ளது.

மருத்துவ ஆய்வுகளை வெளியிடும் முறைக்கான கன்சார்ட் நெறிகளின் மூலிகைப் பிரிவு 2006இல் உருவானபோது, செடியின் முழு அறிவியல் பெயர், பயன்பட்ட உறுப்பு, பச்சையா உலர்ந்ததா என்பது, கரைப்பானின் வகை, அடையாளப் பொருளின் அளவு, வேதியியல் கைரேகை எனப்படும் வண்ணப்பிரிகைப் படம், சான்று மாதிரி எங்கே காக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு ஆகியவற்றை ஆய்வாளர்கள் தர வேண்டும் என்று கேட்டது. சென்னை ஆய்வு வெளிவந்து 18 ஆண்டுகளுக்குப் பின் வந்த நெறி இது. இந்த அளவுகோலில் கீழாநெல்லியை மறுபடி ஆராய்வதற்கு இன்றும் காரணம் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி வருமுன் தடுக்கத் தடுப்பூசியும், வந்தபின் வைரஸை அடக்க டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகளும் கிடைப்பதால், அவற்றைக் கைவிட்டு மூலிகையை மட்டும் நம்புமாறு எந்த நோயாளிக்கும் சொல்வதற்கில்லை. எனினும் இம்மருந்துகள் வைரஸின் பெருக்கத்தை ஒடுக்குகின்றனவே தவிர, மேற்பரப்பு ஆன்டிஜெனைக் குருதியிலிருந்து மறையச் செய்வது அவற்றாலும் அரிதாகவே இயல்கிறது. உலகின் ஆய்வுக்கூடங்கள் இன்று தேடிக்கொண்டிருக்கும் இலக்கும் அதுவே. 1988இல் 22 பேரிடம் மறைந்ததாகச் சொல்லப்பட்டதும் அதே ஆன்டிஜென்தான் என்பதால், இனம் உறுதிசெய்யப்பட்டு, இலை மட்டும் பிரிக்கப்பட்டு, லிக்னான்களும் டானின்களும் தனித்தனியே அளக்கப்பட்ட ஒரு பொடியை, வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து ஒரு முறையேனும் சோதித்து, விடை எதுவாயினும் அதைப் பதிவுசெய்வது தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்களால் முடியக்கூடிய பணி.